நல்ல தண்ணி வராத நாளுக்கு எது துணை? கோவை வீட்டுக்கு சம்ப், போர், லாரி, மழைநீர்: ஓர் ஒப்பீடு

கோவையில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கையில் இரண்டு, மூன்று லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) போடுவதா, தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைப் பெரிதாக்குவதா, இல்லை எதுவும் செய்யாமல் கோடையில் லாரியை வரவழைத்துக்கொள்வதா? கொத்தனார் ஒன்று சொல்வார், பிளம்பர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே சொல்வார்.

உங்கள் குழாயில் எந்த ஊர்த் தண்ணீர் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி. ஏனென்றால் சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் ஒரே மாதிரி நின்றுபோவதில்லை.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கோவைக்கு, அணை 1984இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழுக் கொள்ளளவான 50 அடி வரை தேக்க, பாதுகாப்புக் காரணம் காட்டி, கேரளம் விடுவதில்லை. 45 அடியை ஒட்டியே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கடைசி ஐந்தடிதான் ஏப்ரல், மே மாதத்துக்கான இருப்பு. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த கோடையில் வாரக்கணக்கில் தட்டுப்பாடு நீளும். 2017இல் அப்படித்தான் அணை அடிமட்டத்தைத் தொட்டது.

பில்லூர்த் திட்டங்களுக்குப் பவானி ஆறுதான் ஆதாரம். ஆறு அவ்வளவு சீக்கிரம் வற்றாது. ஆனால் அதன் குறுக்கே உள்ள பில்லூர் அணைக்குள் வண்டல் நிறைய. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளம் வரும்போது தண்ணீர் செங்கலங்கலாகிவிடும். சுத்திகரிப்பு நிலையம் வழக்கமான வேகத்தில் வடிக்க முடியாது. குழாய் உடைப்பு, நீரேற்று நிலையத்தில் மின்தடை என்று வேறு சிறு தடங்கல்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த மருதூரில் நீரெடுக்கும் மூன்றாவது திட்டம், நாளுக்கு 17.8 கோடி லிட்டர், 2024இல் சேர்ந்த பிறகு அளவு கூடியிருக்கிறது. தடங்கலின் தன்மை மாறவில்லை: சில நாள் நிற்கும், பிறகு வந்துவிடும்.

ஆகவே நகரின் நடுவிலும் மேற்கிலும் சிறுவாணியை நம்பும் வீட்டுக்கு நீண்ட தட்டுப்பாடுதான் பயம். கிழக்கிலும் வடக்கிலும் பில்லூரை நம்பும் வீட்டுக்கு அடிக்கடி வரும் குட்டித் தடங்கல்தான் தொல்லை. சில நாள் தடங்கலுக்கு சம்ப் போதும். வாரக்கணக்கில் நீளும் தட்டுப்பாட்டுக்கு எவ்வளவு பெரிய சம்ப்பும் போதாது; இரண்டாவது நீராதாரம் வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் குறிச்சிப் பக்கத்தினர் போன கோடையில் எத்தனை நாள் நின்றது என்று பார்த்துத் தங்களை இரண்டில் ஒன்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நாள் தேவை. நகரத் திட்டங்களுக்கான அளவுகோல் ஆளுக்கு 135 லிட்டர். நான்கு பேருக்கு 540. இதில் குடிக்கவும் சமைக்கவும் 20 முதல் 30 லிட்டர்தான். அதற்கு மட்டும் நல்ல தண்ணி கட்டாயம். மீதி 500 லிட்டரும் குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு. உப்புத் தண்ணி போதும்.

இடைவெளி. சராசரி வேண்டாம். போன கோடையில் அதிகபட்சமாக எத்தனை நாள் வராமல் இருந்தது என்பதே கணக்கு. வால்வு திறந்துவிடும் பணியாளரைக் கேட்டால் வார்டு நிலவரம் விரல்நுனியில் சொல்வார்.

முறை நாளில் வரும் அளவு. பெரும்பாலானோர் அளக்காமல் விடுவது இதைத்தான். சம்ப்புக்குள் விழும் குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 50 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர். மூன்று மணி நேரம் விட்டால் 2,160 லிட்டர். எட்டு நாளுக்கு ஒருமுறை என்றால் உங்கள் தேவையோ 4,320. இந்த வீட்டில் 10,000 லிட்டர் சம்ப் கட்டினால் பாதிக்கு மேல் காற்றுதான் நிற்கும்.

தரம். டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட். குடிநீருக்கான இந்தியத் தர அளவு முறையே லிட்டருக்கு 500, 200, 1, 45 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் டி.டி.எஸ். 2,000 வரையும், கடினத்தன்மை 600 வரையும், ஃபுளோரைடு 1.5 வரையும் பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கையடக்க மீட்டர் டி.டி.எஸ்ஸை மட்டும் காட்டும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த தண்ணீரும் மீட்டரில் 250 என்று சமர்த்தாக நிற்கும். முழுப் பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு. பழுது, மின்சாரம், கழுவுதல், வீணாகும் தண்ணீர், வீட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டிய நேரம்.

| | சம்ப்பைப் பெரிதாக்குதல் | போர் | லாரி | மழைநீர் |
|---|---|---|---|---|
| எத்தனை நாள் தாங்கும் | 5 முதல் 14 | கிடைத்தால் ஆண்டு முழுதும் | வாங்கும் வரை | மழை நாட்களில் மட்டும் |
| தண்ணீர் | நல்ல தண்ணி | உப்பு, கடினம் | லாரிக்கு லாரி மாறும் | மிக மென்மை |
| முதல் செலவு | நடுத்தரம் | அதிகம், கிடைக்குமென்ற உறுதியும் இல்லை | இல்லை | குறைவு |
| தொடர் செலவு | கழுவும் கூலி | மின்சாரம், மோட்டார் பழுது, உப்புப் படிவு | ஒவ்வொரு நடையும் | வடிகட்டி கழுவுதல் |
| எப்போது காலை வாரும் | நீண்ட தட்டுப்பாடு | ஏப்ரல், மே | எல்லோரும் கூப்பிடும் அதே வாரத்தில் | ஜனவரி முதல் மார்ச் |

## சம்ப்பைப் பெரிதாக்குதல்

ஒரு கன அடி 28.3 லிட்டர். 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்று கட்டி, மேலே அரை அடி காலி விட்டால் 7,640 லிட்டர் நிற்கும். 540 லிட்டர் வீதம் 14 நாள். ஆனால் மேலே பார்த்த வாளிக் கணக்கில் தேறினால்தான் இந்த 14 நாள் உண்மை.

வரத்து குறைவாக இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது சம்ப்பை அல்ல, இணைப்பை. பழைய அரை அங்குல இரும்புக் குழாய் உள்ளே துருவேறி, பென்சில் அளவு துளைதான் மிஞ்சியிருக்கும். மாநகராட்சியில் விண்ணப்பித்து அதை மாற்றுவது சம்ப் கட்டுவதைவிட மிக மலிவு. அடுத்தது, தண்ணீர் சம்ப்புக்குள் விழும் வாய் தெருக் குழாயின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். அழுத்தம் குறைந்த கடைசி ஒரு மணி நேரத் தண்ணீர், மேலே ஏற வேண்டிய குழாயில் நின்றுவிடும். பள்ளத்து வாயில் தானாக இறங்கும். சின்ன ஓட்டையுள்ள மலிவு மிதவை வால்வு மாட்டினாலும் ஓட்டம் பாதியாகும்.

நேராக லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சுவது பலர் செய்வதுதான். அது சட்டவிரோதம், மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள் என்பது ஒருபுறம். உறிஞ்சும்போது லைனுக்குள் வெற்றிடம் உண்டாகி, கசியும் இணைப்புகள் வழியாக அக்கம்பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. அது முதலில் வந்து சேர்வது உறிஞ்சியவர் வீட்டுக்கே.

மறைந்த செலவு என்று பார்த்தால், ஆண்டுக்கு இருமுறை கழுவ வேண்டும். அதற்குக் கூலியோடு அடியில் கிடக்கும் ஐந்நூறு லிட்டரும் போகும். மூடி தரைமட்டத்துக்கு அரை அடியாவது உயர்ந்திருக்காவிட்டால் வாசல் தெளித்த தண்ணீரும் கரப்பானும் உள்ளே போகும். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை நிலத்தில் புதைப்பவர்கள், ஊற்றெடுக்கும் மண்ணாக இருந்தால் மழைக்காலத்தில் காலியாக விடக்கூடாது. நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும்.

பத்து நாள் தேங்கிய தண்ணீரில் மாநகராட்சி கலந்த குளோரின் மிஞ்சியிருக்காது. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், 6,000 லிட்டருக்கு 15 கிராம். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. சின்னப் பொட்டலமாகவே வாங்குங்கள்.

பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 24 மணி நேரக் குடிநீருக்கான 26 ஆண்டு ஒப்பந்தம் 2018இல் சூயஸ் நிறுவனத்தோடு போடப்பட்டது. புதுக் குழாய், மீட்டர் என்று வேலை நடக்கிறது. உங்கள் தெருவில் அது முடிந்துவிட்டால் 10,000 லிட்டர் சம்ப் தேவைப்படாது, 3,000 போதும். மீட்டர் வந்தபின் வால்வு சரியாக மூடாமல் வழிந்தோடும் சம்ப்புக்குக் காசு வேறு கட்ட வேண்டும்.

## போர்

கோவையின் அடியில் இருப்பது கடினப் பாறை. மணல் படுகை போல எங்கே துளைத்தாலும் ஊறாது. பாறை வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். அந்த வெடிப்பு பக்கத்து மனையில் இருக்கும், உங்கள் மனையில் இருக்காது. உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் புள்ளி குறிப்பவர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், சுற்றியுள்ள பத்து வீட்டுப் போர்களின் ஆழத்தையும் மே மாத நிலவரத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பத்தில் ஆறு மே மாதத்தில் நின்றுபோகிறது என்றால் உங்கள் வாய்ப்பும் அதுதான்.

வண்டிக்காரர்கள் அடிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஆழம் கூடக்கூட அடியின் விலையும் படிப்படியாக ஏறும். எனவே 800 அடிக்கு மேல் "இன்னும் நூறு அடி போய்ப் பார்க்கலாம்" என்பதுதான் விலையுயர்ந்த வாக்கியம். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் புகை மட்டும் வந்தாலும் கூலி கூலிதான். புகைந்துபோன துளையை மண் நிரப்பி மூட வேண்டும். ஒரு நாள்கூடத் திறந்து விடக்கூடாது.

போரின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். மேல்மண்ணும் சிதைந்த பாறையும் முடிந்து, உறுதியான பாறைக்குள் அது இறங்கி உட்கார வேண்டும். இல்லையென்றால் மேலடுக்கின் செப்டிக் டேங்க் கசிவு நேராகப் போருக்குள் இறங்கும். நைட்ரேட் 45ஐத் தாண்டும் போர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணம் இது. செப்டிக் டேங்குக்கும் போருக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். 3 சென்ட் மனையில் அது நடக்காத காரியம். அப்படிப்பட்ட மனையில் போர்த் தண்ணீரைச் சமையலறைக்கு விடவே கூடாது.

நீரளவை வண்டிக்காரர்கள் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச் என்று கேட்டுத்தான் எல்லோருக்கும் ஆசை. ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊறும் நோஞ்சான் போர்கூட மணிக்கு 300 லிட்டர் தரும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் ஓட்டினால் 600 லிட்டர். நாலு பேருக்கு அது போதும். தவறு நடப்பது மோட்டாரில்: குறைந்த ஊற்றுக்குப் பெரிய மோட்டாரை இறக்கினால் பத்து நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்து, வெறும் ஓட்டம் ஓடிக் காயில் கருகும். சிறிய மோட்டார், டைமர், தண்ணீர் தீர்ந்தால் தானே நிறுத்தும் கருவி மூன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

மின்செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 650 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் ஏற்ற ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஆகும். நாளுக்கு 500 லிட்டர் என்றால் மாதத்துக்கு 23 யூனிட். உண்மையான தொடர்செலவு வேறு: மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, கேபிள் இணைப்பு, அப்புறம் கடின நீர் செய்யும் வேலை. கீசர் காயில், சோலார் ஹீட்டர் குழாய், வாஷிங் மெஷின், ஷவர் எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு. கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மாட்டினால் படிவு குறையும்; ஆனால் டி.டி.எஸ். குறையாது, உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

## லாரி

6,000, 12,000 லிட்டர் லாரிகள் வரும். ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்துக் கிணறு, போர்களிலிருந்து எடுக்கப்படுவதால் போன முறை வந்த தரம் இந்த முறை வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஹோஸைத் திறப்பதற்கு முன் ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை வையுங்கள். சம்ப்பில் விழுந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

அளவையும் நீங்களே பாருங்கள். 10 அடிக்கு 6 அடி சம்ப்பில் ஒரு அங்குலம் என்பது 141 லிட்டர். 6,000 லிட்டர் வந்திருந்தால் மட்டம் 42 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்தால் போதும். குச்சி இருக்கும் வீட்டில் அளவு குறைவது அபூர்வம்.

சம்ப் 5,000 லிட்டர் என்றால் 6,000 லிட்டர் லாரிக்குக் காசு கொடுத்து ஆயிரத்தைத் தெருவில் விடுவீர்கள். பாதி நிறைந்திருக்கும்போது கூப்பிட்டாலும் அதே கதை. அடிமட்டத்துக்கு வந்தபின் கூப்பிடலாம் என்றால், ஏப்ரலில் இரண்டு நாள் காத்திருக்க வைப்பார்கள். லாரியை நம்புகிறவருக்கும் சம்ப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். குறுகிய சந்தில் ஹோஸ் எட்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

போரா லாரியா என்பது எளிய வகுத்தல். உதாரணத்துக்கு, மோட்டாரோடு சேர்த்துப் போருக்கு 2,40,000 ரூபாய், லாரிக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு போர் 160 லாரிக்குச் சமம். ஆண்டுக்கு 12 லாரி வாங்கும் வீட்டுக்கு 13 ஆண்டு கழித்துத்தான் அந்தப் பணம் எடுபடும்; அதற்குள் மோட்டார் மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 40 வாங்குகிற வீட்டுக்கு நாலே ஆண்டு. உங்கள் பகுதி விலையை இதில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 15 லாரிக்குக் கீழே என்றால் போர் போடுவதற்கு அவசரமே இல்லை என்பது எங்கள் கணிப்பு.

## மழைநீர்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு குழி இருக்கும். பல குழிகளில் மண் நிரம்பிச் செடி முளைத்திருக்கும். கோவை மழைமறைவுப் பகுதி, ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. தான். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மி.மீ. பெய்தால் 100 லிட்டர். 650 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 52,000 லிட்டர்.

எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். அதில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர், நவம்பரில் கொட்டும். அப்போது உங்கள் சம்ப்பும் நிறைந்துதான் இருக்கும். கோடைக்கு இதைச் சேமித்து வைக்க வீட்டளவு தொட்டி வேண்டும். ஆகவே சம்ப்புக்கு ஒரு வழி, வழிந்தால் போர் அல்லது பழைய கிணற்றுக்கு ஒரு வழி என்று பிரிப்பதே நடைமுறை. மாடியைக் கழுவி வரும் முதல் 200 லிட்டரை வெளியே விட ஒரு வால்வு, பிறகு கூழாங்கல், மணல், கரி அடுக்கிய வடிகட்டி. அந்த மணலை ஆண்டுக்கொரு முறை அள்ளிக் கழுவாவிட்டால் குழாய் அடைத்து மாடியில் தண்ணீர் நிற்கும்.

வீட்டில் தூர்ந்துபோன பழைய கிணறு இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். மழைநீரை இறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்தில் போர் இருந்தால், ஓரிரு பருவத்தில் அதன் உப்புக் குறையவும் வாய்ப்புண்டு.

## எந்த வீட்டுக்கு எது

பில்லூர்த் தண்ணீர் வருகிறது, இடைவெளி ஒரு வாரத்துக்குள், வாளிக் கணக்கும் தேறுகிறது என்றால்: 6,000 முதல் 8,000 லிட்டர் சம்ப். வேறு எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு லாரி வந்தாலும் வரட்டும்.

சிறுவாணி வருகிறது, கோடையில் 10 நாளைத் தாண்டுகிறது, அக்கம்பக்கத்துப் போர்கள் மே மாதத்திலும் ஓடுகின்றன என்றால் போர். அக்கம்பக்கத்துப் போர்கள் நிற்கின்றன என்றால் பெரிய சம்ப்போடு லாரி. அந்தத் தெருவில் ஆயிரம் அடி துளைப்பது சூதாட்டம்.

வாடகை வீடு என்றால் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் லாரியும்தான். போகும்போது தொட்டியையாவது எடுத்துக்கொண்டு போகலாம். லாரியின் மிச்சத்தை எங்கே நிரப்புவது என்பதற்கு, பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு வாங்குவதே வழி.

12 வீட்டு அடுக்ககத்தில் சிக்கனமாக ஆளுக்கு 100 லிட்டர் வைத்தாலும் நாளுக்கு 4,800 லிட்டர். அங்கே மாநகராட்சி இணைப்பு தேவையில் சிறுபகுதியைத்தான் தரும். போரும் லாரியும் இரண்டுமே வேண்டியிருக்கும். விவாதிக்க வேண்டியது வேறொன்று: எல்லாவற்றையும் ஒரே சம்ப்பில் கொட்டுகிறார்களா என்பது. வாங்கும்போது இதைக் கேளுங்கள். 2,000 லிட்டர் நல்ல தண்ணியை 8,000 லிட்டர் உப்புத் தண்ணியில் கலந்துவிட்டு, பிறகு 12 வீட்டிலும் 12 ஆர்.ஓ. மாட்டி உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடும்.

தனி வீட்டுக்கும் இதே விதிதான். போர் போடுவதென்று முடிவானால் சுவரை உடைக்கும் அதே நாளில் இரண்டு லைன் இழுத்துவிடுங்கள்: மாடியில் இரண்டு தொட்டி, சமையலறைக்கு மட்டும் நல்ல தண்ணிக் குழாய், மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. பின்னால் செய்தால் டைல்ஸோடு சேர்த்துச் செலவு. தனி லைன் இருக்கும் வீட்டில் 1,000 லிட்டர் நல்ல தண்ணி, நாளுக்கு 30 லிட்டர் வீதம், ஒரு மாதத்துக்கு மேல் வரும். சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதைக் காய்ச்சினாலே போதும், ஆர்.ஓ. வேண்டாம். கேன் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நிரப்பிய தேதியும் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேனை எடுக்காதீர்கள்.